சட்டைப்பைக்குப் போகும் கை

என் தம்பி குக்கரைக் கேட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். வெந்நீர் வைக்கக்கூட அடுப்படிக்கு வராதவன் குக்கர் கேட்டால், எதற்கென்று ஒரு வார்த்தை கேட்பதுதானே முறை? அன்றைக்குப் பார்த்து எனக்கு இரண்டு கேக் ஆர்டர். "எடுத்துத் தொலை" என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்கு வீட்டிலும் வேலையிடத்திலும் ஒரே பெயர், சீசா. சென்ட் கடையில் பதினொரு வருஷமாகச் சீசா கழுவுகிறான். கீழ்த்தளத்தில் கழுவுவார்கள், மாடியில் வாசனை கலப்பார்கள். மாடியில் இருக்கும் நாலு பேருக்கு வெள்ளைக் கோட்டும் ஜன்னலோர மேசையும் உண்டு. இவனுக்கு சோப்புத் தண்ணீரும் ஊறிச் சுருங்கிய விரல்களும்தான். மாடியில் ஒருவர் ஓய்வு பெற்றதும், இவன் முதலாளி முன்னால் போய் நின்று, "நான் மேல வரட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறான். அந்த நாலு வார்த்தைக்குப் பதினொரு வருஷம் தைரியம் சேர்த்திருக்கிறான், பாவம்.

முதலாளி ஒரு காலத்தில் புகைவண்டி. அவர் மனைவி நுரையீரல் டாக்டர். அந்த அம்மா போட்ட போட்டில், போன வருஷம் ஒரே நாளில் சிகரெட்டை விட்டவர். விட்டாரே தவிர மறக்கவில்லை போலிருக்கிறது. "புகையிலை வாசனை ஒண்ணு கொண்டு வா" என்றாராம். "உன் கையால எடுத்ததா இருக்கணும். மோந்ததும் என் கை தானா சட்டைப்பைக்குப் போகணும். போச்சுன்னா நீ மேல. இல்லன்னா கீழயே கெட. சனிக்கிழமை வரைக்கும் டைம்."

அதற்குத்தான் என் குக்கர்.

என் வீட்டுக்காரர் லாரியோடு வெளியூர் போயிருந்தார், வர ஒரு வாரம் ஆகும். அந்தத் தைரியத்தில் சீசா என் சமையலறையை வளைத்துப் போட்டான். குக்கர் மூடியில் வெயிட் இருந்த இடத்தில் செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனை ஐஸ் கட்டி போட்ட என் எவர்சில்வர் அண்டாவுக்குள். புகையிலையை நறுக்க என் கத்தி, வடிகட்ட என் மாவுச் சல்லடை, சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்க என் வெண்ணெய் டப்பாவின் மூடி. அடுப்பு ஒன்றுதான் எனக்கு மிச்சம், அதிலும் பாதிதான்.

"அக்கா, ஆவியிலயே வாசனை வந்துடும் பாரு" என்றான்.

வந்தது. மூன்று தெருவுக்கு வந்தது. கீழ்வீட்டுக்காரம்மா மாடியேறி வந்து, "உங்க வீட்டுக்காரர் வந்துட்டாரா? பீடி நாத்தம் தாங்கலியே" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூடியில் சொட்டியது மட்டும் என்னவோ கலங்கல் தண்ணீர். செவ்வாய்க்கிழமை அதைக் கொண்டுபோனான். முதலாளி மோந்து பார்த்துவிட்டு, "மழையில நனைஞ்ச குடை" என்றார். புதன்கிழமை சாராயத்தில் இலையை ஊறப்போட்டான். "ஆஸ்பத்திரி வராண்டா" என்றார். வியாழக்கிழமை என்ன செய்தானோ தெரியாது, என் வாணலியின் அடி கருகியிருந்தது. அதற்கு அவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டாராம்.

அன்று சாயங்காலம் வந்து தரையில் உட்கார்ந்தான். "நமக்கு சோப்புத் தண்ணிதான்க்கா எழுதியிருக்கு" என்றான். பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "எழுதினவன்கிட்ட அப்புறம் பேசிக்கலாம், முதல்ல வாணலியைத் தேய்" என்றேன். தேய்த்தான். மிச்சமிருந்த ஈர இலையை ஒரு தட்டில் பரப்பி, காயாமல் இருக்கட்டும் என்று என் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினான். பக்கத்தில் என் வெண்ணெய் டப்பா, மூடியில்லாமல். மூடியைத்தான் துரை எடுத்திருந்தாரே. நான் கவனிக்கவில்லை. கோபத்தில் இருக்கும்போது என் கண்ணுக்கு வாணலியைத் தவிர எதுவும் தெரியாது.

இதற்கிடையில் ஒரு கேக் ஆர்டர். கொடுத்தது டாக்டரம்மாவேதான். முதலாளி சிகரெட்டை விட்டு ஒரு வருஷம் ஆகிறது, சனிக்கிழமை வீட்டில் விருந்து, உன் அக்கா கேக் செய்வாளாமே என்று சீசாவிடமே சொல்லி அனுப்பியிருந்தார். இருபது பேர் சாப்பிடுகிற கேக். மேலே வெண்ணெய்க் கிரீம், அதன் மேல் "ஒரு வருஷம், சுத்தமான மூச்சு" என்று எழுத வேண்டும்.

சனிக்கிழமை காலையில் வெண்ணெயை எடுத்து அடித்தேன். சர்க்கரை போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. சீசாவும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு, "சூப்பர்க்கா" என்றான். நாலு நாளாக அந்த ஆவியிலேயே குடியிருந்து எங்கள் இரண்டு பேர் மூக்கும் மரத்துப் போயிருந்தது என்பது மூக்குக்கே தெரியாதபோது எங்களுக்கு எப்படித் தெரியும்?

விருந்துக்கு நானும் அவனும் கேக்கைத் தூக்கிக்கொண்டு போனோம். பெரிய கூடம், டாக்டர்கள் பாதிப்பேர், சொந்தக்காரர்கள் பாதிப்பேர். மாடி ஆட்கள் மூன்று பேரும் மடிப்புக் கலையாத சட்டையில் சோபாவில் இருந்தார்கள். சீசா என் பின்னால் சுவரோடு சுவராக நின்றான். நாள் முடியப் போகிறது, கையில் சரக்கு இல்லை. அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

டாக்டரம்மா நாலு வார்த்தை பேசினார். கை தட்டினார்கள். முதலாளி கேக்கை வெட்டி, ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். கண் சொருகியது. மெதுவாக வாயில் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டதும் அவருடைய வலது கை தன் பாட்டுக்கு எழும்பி சட்டைப்பைக்குள் போனது. அங்கே ஒன்றுமில்லை. வெளியிலிருந்து ஒரு தட்டு தட்டிப் பார்த்தது. அப்போதும் ஒன்றுமில்லை.

நான் பார்த்தேன். சீசா பார்த்தான். டாக்டரம்மாவும் பார்த்துவிட்டார்.

"என்ன தேடுறீங்க?" என்று நெருங்கி வந்தவர் மூக்கைச் சுருக்கினார். "உங்க மேல சிகரெட் நாத்தம் அடிக்குது."

"சத்தியமா இல்லம்மா!"

"எங்க, ஊதுங்க."

ஊதினார். வாய் நிறைய என் கேக். டாக்டரம்மா இரண்டடி பின்னால் நகர்ந்தார். "ஒரு வருஷமா என்னை ஏமாத்திட்டு, இருபது பேரைக் கூப்பிட்டுக் கேக் வேற வெட்டுறீங்களா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் அந்த மூடி ஞாபகம் வந்தது. மூடி, டப்பா, தட்டு, ஈர இலை. வெண்ணெய் பக்கத்தில் இருக்கிற எதன் வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்று கேக் செய்கிற எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் டப்பாவுக்கு மூடியே வாங்கினேன்.

திரும்பினேன். சீசாவுக்கும் புரிந்திருந்தது. சொல்லாதே என்று தலையை ஆட்டினான். "வேணாம்க்கா, உன் பேர் கெட்டுடும்" என்று மெல்ல முணுமுணுத்தான். பதினொரு வருஷம் காத்திருந்தவன், கைக்கு எட்டியதை என் கேக்குக்காக விடப் பார்க்கிறான். அந்த நிமிஷத்தில் அவன் மேல் எனக்கு வந்த பாசத்துக்கு அளவில்லை. ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

"டாக்டரம்மா," என்றேன், "அது சார் இல்ல. கேக்கு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஃப்ரிட்ஜில் நடந்ததைச் சொன்னேன். இலை வெண்ணெயில் படவில்லை, வாசனை மட்டும்தான் ஏறியிருக்கிறது என்றும் சொன்னேன். சென்ட் கடையில் வைத்த பரீட்சையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

முதலாளிக்கு வேர்த்தது. மாடிக்கு ஆள் எடுப்பதென்றால் அவருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது மாதிரி. பரீட்சை வைத்ததே தட்டிக் கழிக்கத்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது. "கேக்குலயா?" என்று இழுத்தார். "எனக்கு ஒரு வாசனையும் தெரியலியே..."

"அப்படியா?" என்றார் டாக்டரம்மா. "அப்போ உங்க வாயிலேருந்துதான் வருது."

இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு எப்போது கிடைக்கும்? "சார்," என்றேன், "நீங்களே ஒண்ணு சொல்லுங்க. வாசனை கேக்குலேருந்து வந்துச்சுன்னா என் தம்பி ஜெயிச்சுட்டான். வரலன்னா, சிகரெட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு நீங்க அம்மாவுக்குச் சொல்லணும்."

முதலாளி மனைவியைப் பார்த்தார். மாடி ஆட்களைப் பார்த்தார். கையிலிருந்த மிச்சத் துண்டைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை.

"திங்கக்கிழமை மேல வந்துடு" என்றார், தரையைப் பார்த்து.

"சத்தமா சொல்லுங்க சார், அம்மாவுக்குக் கேக்கல."

"மேல வந்துடுடா சீசா!"

டாக்டரம்மா கேக்கில் ஒரு துளி கிரீமை விரலில் எடுத்து மோந்து பார்த்தார். "அடேயப்பா" என்றார். பிறகு டாக்டர் முகத்தை மாட்டிக்கொண்டு, யாரும் தொடக்கூடாது என்று எல்லாத் தட்டையும் பிடுங்கினார். கேக்கைப் பெட்டியோடு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முதலாளியின் பார்வை அந்தப் பெட்டியோடு வாசல் வரைக்கும் வந்தது.

பஸ்ஸில் சீசா பெட்டியை மடியில் வைத்து, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான். வெள்ளைக் கோட்டு எந்த அளவு கேட்பது என்று யோசிக்கிறான் என நினைத்தேன். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், "அக்கா, அந்த வாசனை எப்படித்தான் இருக்கு?" என்று கேட்டான்.

"எனக்கு எப்படிடா தெரியும்? எனக்கும் மூக்கு போச்சே."

"திங்கக்கிழமை திரும்ப எடுக்கச் சொல்வாரே. சரியா வந்துச்சான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

முகம் மறுபடியும் சோப்புத் தண்ணீர்க் கலருக்குப் போய்விட்டது. நான் கை நீட்டிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். இரண்டு பேரும் குனிந்து மோந்தோம். சர்க்கரை தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை.

முன்சீட்டில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டு வந்தார். கண்ணைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் இரண்டு தரம் அசைந்தது. பிறகு அவருடைய கை மெதுவாக எழும்பி, சட்டைப்பைக்குள் போனது.