வெள்ளைக் கரை டூலிப்புக்கு வைத்த பெயர்

என் பெயர் கிராட்சியன். வயது இருபத்து மூன்று. ஹாலந்தில், லிஸ்ஸே பக்கத்தில் ஒரு டூலிப் பூப் பண்ணையின் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து போனிடம் பேசுகிறேன். அது எழுதிக்கொள்கிறது. போக்னா அக்கா, அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால் நீ தனியாகப் படி.

ஏப்ரலில் எனக்கும் செவெரினுக்கும், அதாவது நீ கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கும், ஒரே வேலை. பூத்த பாத்திகளுக்கு நடுவே நடந்து நோய் பிடித்த செடிகளைப் பிடுங்க வேண்டும். பூவில் தாறுமாறாகக் கோடு விழுந்திருந்தால் நோய். அன்று சிவப்புப் பாத்தியில் ஒரே ஒரு பூ மட்டும், வேட்டிக் கரை மாதிரி இதழ் ஓரம் முழுக்க வெள்ளையோடு நின்றது.

"நோய்டா மச்சான், பிடுங்கு" என்றான் செவெரின்.

"நோய்னா இப்பிடி ஒழுங்கா வருமா? உன் தலை வகிடே இவ்ளோ நேரா இல்ல."

பக்கத்தில் குச்சி நட்டு என் ஷூ லேசைக் கட்டினேன். புதுப் பூவைக் கண்டவன்தான் அதற்குப் பெயர் வைப்பான், அது இங்கே வழக்கம். போக்னா என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். உன் கல்யாணத்துக்கு என் சீர் அதுதான்.

முதலாளி தூனிஸிடம் போனோம். எனக்குத்தான் டச்சு வராதே. "நான்தான் கண்டேன், அக்கா பேரு வைக்கணும்னு சொல்லு" என்றேன். செவெரின் நீளமாகப் பேசினான். முதலாளி சிரித்துக்கொண்டே அவன் கையைக் குலுக்கினார். பேசினவன் கையைக் குலுக்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்ணுக்குள் கிழங்கு பருக்க வேண்டுமென்று சில நாளில் பூவைக் கிள்ளிவிட்டோம். ஜூலையில் தோண்டும் இயந்திரம் வருவதற்குள் நானே கையால் தோண்டினேன். தாய்க்கிழங்கு வற்றி, மூன்று பிள்ளைகள் விட்டிருந்தது. மண்ணை உதறி உலர்த்தி, வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டேன். பூஞ்சை பிடிக்குமோ என்று கோடை முழுக்க தினமும் தொட்டுப் பார்த்தேன். பூவுக்கு உன் பெயர் வைத்தாயிற்று என்று செவெரின் சொன்னதாகப் போன வாரம் நீ எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய்.

நேற்று நடவு. மூன்றையும் ஓரப் பாத்தியில் நானே வைத்தேன். முதலாளி பெயர்ப்பலகையைக் கொண்டுவந்து செவெரினிடம் கொடுத்தார். "வியோலெட்டா" என்று எழுதியிருந்தது. கிழங்கு உரிக்கும் மேசையில் எனக்கு எதிரே உட்காருகிற பெண் அவள். ஓடிவந்து அவன் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

அவனைத் தனியே இழுத்தேன். "அன்னைக்கு முதலாளிகிட்ட என்னடா சொன்ன?"

"நீ சொன்னதத்தான். 'நான்தான் கண்டேன்'னு சொல்லச் சொன்ன. நான்தான் கண்டேன்னு சொன்னேன்."

"அக்கா பேரு?"

"டச்சுக்காரன் வாயில நுழையலடா. ஊர்ல போய் உளறாத மச்சான். இந்த வேலைய வாங்கித் தந்தது யாருன்னு மறந்துட்டியா?"

திரும்பித் தோண்டி எடுத்துவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் இது வேர் விடுகிற நேரம். கிழங்கு என்ன பாவம் செய்தது? மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு அவன் நம் வீட்டுக்கு வருவான். கல்யாண மண்டபத்துக்கு உறுதி சொல்வதற்கு முன்னால், அந்தப் பூவின் பலகையில் என்ன பெயர் இருக்கிறது என்று அவனிடம் கேள், அக்கா. கேட்டுவிட்டு எனக்குப் போன் செய்.