அடுப்பை அணைக்காமல் போனவள்

பாரசீகத்து இஸ்பஹானில் எங்கள் யூதர் தெருவில் எப்போது ஆள் எண்ணினாலும் ஒருவர் கூடுதலாக வந்தார். அந்த ஒருவர் ஆசேரின் மகள் செராஹ். தொலைந்துபோன யோசேப்பு எகிப்தில் உயிரோடிருக்கும் செய்தியைத் தாத்தா யாக்கோபிடம் யாழ் மீட்டிப் பக்குவமாகச் சொன்னவள். சாவு உன்னைத் தொடாது என்று அவர் வாழ்த்தியதில் மூவாயிரம் வருடங்களாக இருந்துவந்தாள். கடைசி வீட்டில் குடியிருந்தாள். முட்டிவலிக்கு எள்ளெண்ணெய் தடவினாள்.

பதிவேட்டில் முந்நூற்றுப் பத்து, முற்றத்தில் முந்நூற்றுப் பதினொன்று. யாரையோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று ஆளுநரின் வீரர்கள் வருடாவருடம் பத்து ஆண்களைச் சாட்டையால் அடித்தார்கள். ஓர் ஆள் குறைந்தால் வாள்தான் என்றும் சொல்லியிருந்தார்கள். முதுகு கிழிந்த முல்லா பின்யாமின், எங்கள் ஜெப ஆலயத்துப் பெரியவர், அந்த வருடம் செராஹிடம் கெஞ்சினார்: இந்தத் தடவை மட்டும் வெளியே வராதீர்கள். அவளும் சரி என்றாள்.

அதே காலையில் விதவை தாவூஸ் தன் மகள் யாகூத்தை முலாம்பழ வண்டிக்குள் மறைத்து ஊருக்கு வெளியே அனுப்பியிருந்தாள். அரண்மனை அந்தப்புரத்துக்குக் கொண்டுபோக யாகூத்தின் பெயரைக் குறித்துவிட்டார்கள். கூடுதலாக வரும் செராஹ் மகளின் இடத்தை நிரப்புவாள் என்று தாவூஸ் நம்பியிருந்தாள். முற்றத்தில் வரிசை நின்றபோது செராஹைக் காணவில்லை.

“முல்லா, செராஹ் பீபீ எங்க?”

“வர வேணாம்னு சொல்லிட்டேன். என் முதுகுல இனி அடிக்க இடமில்ல தாயி.”

“அய்யோ, எம் பொண்ணு இங்க இல்லியே!”

எண்ணிய வீரனின் விரல் நகர்ந்துகொண்டேயிருந்தது. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. முந்நூற்று ஒன்பதில் விரல் நின்றது. வாள்கள் உறையை விட்டு வரும் சத்தம் கேட்டது. அப்போது செராஹ் மாவு ஒட்டிய கைகளோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றாள்.

“என்னமோ பயமா இருந்துச்சு. அடுப்ப அணைக்காம வந்துட்டேன்” என்றாள்.

அதிகாரி அந்தப்புரத்துக்குக் குறித்த பெயரைப் படித்தான். “யாகூத்?”

“நாந்தாங்க” என்றாள் செராஹ்.

அந்தச் சுருங்கிய முகத்தை அவன் உற்றுப் பார்த்தான். வயது பதினெட்டு, சரி என்று குறித்துக்கொண்டு கழுதையில் ஏற்றினான். தாவூஸ் அவள் கையைப் பிடித்தாள். அது பனிக்கட்டியாகக் குளிர்ந்து நடுங்கியது. சாவில்லாதவளுக்கும் பயம் உண்டு என்று தெரு அன்றுதான் தெரிந்துகொண்டது.

யாகூத்தின் பெயரை எங்கள் பதிவேட்டிலிருந்து நீக்கினார்கள். மறுவருடம் எண்ணியபோதும் ஒருவர் கூடுதலாக வந்தார். அது முக்காடிட்டுத் திரும்பிவந்திருந்த யாகூத். முல்லா சட்டையைக் கழற்றிச் சாட்டைக்கு முதுகைக் காட்டினார்.

அரண்மனையில் மூன்று ஆளுநர்கள் இறந்தார்கள். மனைவிமாரை எண்ணும்போதெல்லாம் ஒருத்தி கூடுதலாக வந்ததில் மிரண்டுபோன நான்காமவர், அவளை வெளியே அனுப்பினார். நாற்பது வருடம் கழித்து ஒரு வியாழக்கிழமை செராஹ் நடந்து வந்தாள். தாவூஸ் இறந்திருந்தாள். பல்லெல்லாம் விழுந்த யாகூத் கடைசி வீட்டின் கதவைத் திறந்தாள்.

“வாங்க பீபீ. அம்மாவும் நானுமா அடுப்பு அணையாம பாத்துக்கிட்டோம்.”

செராஹின் கையில் அன்று ஒட்டிய மாவு இன்னும் ஈரமாகவே இருந்தது. உட்கார்ந்து, பாதியில் விட்ட ரொட்டியைத் தட்டினாள்.