மணியண்ணனின் கைராசி

எங்கள் சாயப்பட்டறையில் புது ஆர்டர் வந்தால் முதல் மிஷினை மணியண்ணன்தான் ஓடவிட வேண்டும். கைராசிக்காரர் என்று நெருப்பெரிச்சல் ஊர் முழுக்கப் பேர். லேப் இன்சார்ஜ் நான். படித்த திமிர் கொஞ்சம் உண்டு. ஆனாலும் அவர் சுவிட்சைத் தொடாமல் புது லாட் துணி எதையும் ஏற்ற விடமாட்டேன்.

போன வாரம் அமெரிக்காக்காரன் ஆர்டர். குழந்தைகள் கழுத்தில் கட்டுகிற ஜொள்ளுத் துணி. ஒரு கன மீட்டர் தண்ணீருக்கு, துணியை மெதுமெதுவென்று ஆக்கும் சாஃப்ட்னர் இத்தனை குவார்ட் என்று அனுப்பியிருந்தான். லிட்டரில் சொன்னால் வாய் வெந்துவிடுமா? போனில் தட்டி லிட்டராக்கிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை துணி இறங்கியது. தொட்டால் வெண்ணெய்தான். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் முத்தாக நிற்கிறது. ஜொள்ளைக் குடிக்காத ஜொள்ளுத் துணியை எவன் வாங்குவான்? முதலாளி என்னைப் பார்த்துக் கத்த, நான் மணியண்ணன் மேல் பாய்ந்தேன்.

"உங்க ராசியெல்லாம் போயிருச்சுங்கண்ணா. இனி மிஷின்ல கைய வெக்காதீங்க."

எல்லோரும் பார்த்தார்கள். "சரிங்க கண்ணு" என்று விலகிக்கொண்டார்.

இன்று திங்கள். இன்னொரு ஆபரேட்டர் யுவனை வைத்து அதே ஆர்டரின் அடுத்த லாட்டை ஓட்டினேன். அதிலும் சொட்டு அப்படியே நின்றது. அப்படியென்றால் கோளாறு கையில் இல்லை, அளவில். போனை எடுத்துப் பார்த்தால், குவார்ட்டில் இரண்டு வகையாம். அமெரிக்கக் குவார்ட் லிட்டருக்குக் கொஞ்சம் கீழே, பிரிட்டிஷ் குவார்ட் லிட்டருக்கு மேலே. நான் தட்டியது பிரிட்டிஷ். சாஃப்ட்னர் ஐந்தில் ஒரு பங்கு கூடப் போயிருக்கிறது. அட நாசமே!

எல்லோர் முன்னாலும் மணியண்ணனைக் கூப்பிட்டேன்.

"தப்பு என்மேலங்கண்ணா. அளவ நாந்தான் மாத்திப் போட்டுட்டேன். உங்க கையில ஒரு கொறையும் இல்லீங்க. நீங்களே வந்து ஓடவிடுங்க."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"நேத்து தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்துங்க கண்ணு. தாய்மாமன் நாந்தான் மடியில வெச்சுக்கோணும். ராசி போனவன் தொட்டுப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? தம்பி மடியில உக்கார வெச்சுட்டனுங்க."

சொல்லிவிட்டுப் போய் சுவிட்சைப் போட்டார்.

சாஃப்ட்னரைக் கழுவி அந்தத் துணியை மறுபடி போட்டுவிடலாம். அந்தக் காதை மறுபடி குத்தச் சொல்ல முடியுமா? அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மிஷின் சத்தத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.