ரீஸ் கேட்டரல் வளர்ந்த பிற்பகல்

கீலி கேட்டரலுக்கு இருபத்துமூன்று வயது நிறைந்த அன்று, அவளோடு ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்த அண்ணன் ரீஸுக்குப் பதினெட்டுதான் ஆகியிருந்தது. அம்மா டோனா ஒரே கேக்கை வாங்கி, நடுவில் கிரீமால் ஒரு கோடு இழுத்து, ஒரு பக்கம் இருபத்துமூன்றும் மறுபக்கம் பதினெட்டும் மெழுகு எண்களாகக் குத்தி வைத்தாள். இருவரும் சேர்ந்து ஊதி அணைத்தார்கள். எங்கள் ஹார்ஸ்டனில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அந்த வருடம்தான் மைதானத்தில் ஒரு கோப்பைத் தேநீர் மூன்று பவுண்டைத் தொட்டது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் புலம்பியது.

ரீஸ் எட்டு வயதிலேயே ஹார்ஸ்டன் டவுன் கால்பந்து அணியின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவன். நடுக்கள ஆட்டக்காரன். பந்து காலுக்கு வருவதற்கு முன்பே அது அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். குறை ஒன்றே ஒன்றுதான், உடம்பு. பலமாகக் காற்றடித்தால் வேலியைப் பிடித்துக்கொள்வான் போலிருப்பான். எங்கள் நாட்டில் பையனின் காலைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்ப்பார்கள், அதனால் இது சின்னக் குறையில்லை. பதினேழு வயதில், மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, கோப்பை ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவனை மாற்று ஆளாக இறக்கினார்கள். எதிரணி ஆட்கள் நான்கு பேருக்கு நடுவே ஒரு பந்தைச் செருகினான், அது கோலாயிற்று. நாங்கள் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினோம். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற வேலை பார்த்த டோனா, அங்கே கட்டியிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து அழுதுகொண்டிருந்தாள். அடுத்த வாரமே மேனேஜர் ரீஸைக் கூப்பிட்டார். "ஆட்டம் இருக்கு தம்பி, ஆள்தான் இல்ல. பெரிய ஆளுங்களோட மோதி, நல்லா வளர்ந்துட்டு வா" என்றார்.

வளர்ந்துவிட்டு வா என்றால் இரவலுக்குப் போ என்று அர்த்தம். பெரிய அணிகள் இளம் ஆட்டக்காரர்களை ஒரு சீசனுக்குச் சின்ன அணிகளுக்கு இரவல் கொடுக்கும்; சம்பளம், சட்டை, தங்கும் இடம் எல்லாம் இரவல்தான். ரீஸ் முதலில் போனது கிழக்குக் கடற்கரையில் கிரேல்மவுத் என்ற மீன்பிடித் துறைமுகத்துக்கு. மொரீன் என்ற அம்மாள் வீட்டில் தங்கினான். நவம்பரில் மொரீன் டோனாவுக்குப் போன் செய்தாள்.

"உங்க பையன் தங்கமான பையன்மா. மீனு, உருளைக்கிழங்குன்னு வச்சதெல்லாம் சாப்பிடுறான். ஆனா வந்ததுலேர்ந்து நகமே வெட்டல."

"ஐயோ, நான் சொல்றேன் அவன்கிட்ட."

"இல்லம்மா, வெட்டுற அளவுக்கு அது வளரவே இல்ல. முடியும் அப்படியேதான் இருக்கு. இங்க வரும்போது கால்ல ஒரு கன்னிப்போன காயம் இருந்துச்சே, அதுவும் போட்டது போட்டபடி இருக்கு."

மே மாதம் வீட்டுக்கு வந்தபோது அவன் எடை ஆகஸ்டில் இருந்த எடைதான். உயரமும் அதே. காயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் பச்சையாகி, மஞ்சளாகி, மறைந்தது. இரவலில் கழிந்த நாட்கள் அவன் கணக்கில் சேரவில்லை, அவ்வளவுதான். அணியின் மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குள் மேனேஜர் மாறியிருந்தார். புதியவர் எடைக்கருவியைப் பார்த்துவிட்டு, "இன்னும் வளரலையே, இன்னொரு வருஷம் போகட்டும்" என்றார். வளரட்டும் என்று அனுப்புகிறார்கள், அனுப்புவதால்தான் வளரவில்லை என்பது ஹார்ஸ்டன் டவுனில் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. அடுத்த வருடம் வேல்ஸில், மைதானமே ஒரு பக்கம் சரிந்து கிடக்கும் ஒரு சுரங்க ஊர். அதற்கடுத்து ஸ்காட்லாந்து எல்லையில் ஓர் ஊர். பிறகு தெற்கே இரண்டு. எல்லா இடத்திலும் நன்றாகவே ஆடினான். எல்லா ஊரும் அவனுக்கென்று ஒரு பாட்டுக் கட்டி, மே மாதத்தோடு அதை மறந்தது. முதல் வருடம் பெட்டியிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் அடுக்கினான். ஐந்தாவது வருடம் பல்துலக்கும் பிரஷ்ஷை மட்டும் எடுத்து வைத்தான்.

இதற்குள் கீலி கார் ஓட்டக் கற்று, மின்பணி கற்று, பாதி ஊருக்கு வீட்டு வயரிங் செய்து முடித்திருந்தாள். ஒருவனோடு தனிக் குடித்தனமும் போய்விட்டாள். ஒவ்வொரு கோடையிலும் அவள் பக்கத்தில் ரீஸ் நிற்கும்போது, இரட்டையர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். அவனோடு பயிற்சிப் பள்ளியில் இருந்த பையன்கள் எல்லோரையும் இருபத்தொன்றில் அணி கழற்றிவிட்டது. ஒருவன் பார்சல் வண்டி ஓட்டினான், ஒருவன் ஆஸ்திரேலியா போனான். ரீஸ் பெயர் மட்டும் வருடா வருடம் தப்பியது. ஏன் என்று அவனுக்குச் சொன்னவர், இரவல் பையன்களைக் கவனித்துக்கொள்ள அணி வைத்திருந்த டெரிக். ஊர் ஊராகக் கார் ஓட்டி ஓட்டியே தொந்தி வைத்த மனிதர்.

"வாயைத் திறக்காத தம்பி. பதினெட்டு வயசுன்னா எதிர்பார்ப்பு. இருபத்திரண்டுன்னா ஏமாத்தம். உன்னை இத்தனை நாள் காப்பாத்துறதே இந்த வயசுதான்."

அதிலிருந்து ரீஸுக்கு நிம்மதி போயிற்று. வளர்ந்தால் கழற்றிவிடுவார்கள், வளராவிட்டால் ஆட விட மாட்டார்கள். போன் அடித்தால் டெரிக்கோ என்று முதலில் எண்ணைப் பார்ப்பான். பயிற்சிப் பள்ளியில் புதிதாக வந்த பதினாறு வயதுப் பையன்கள் கதவில் தலை இடிக்காமல் குனிந்து போவதை ஓரமாக நின்று பார்ப்பான்.

ஐந்தாவது கோடையில், சீசன் தொடங்கும் முன் நடந்த ஒரு நட்பு ஆட்டத்தில், ஆள் போதாமல் அவனைக் கடைசி ஏழெட்டு நிமிடம் எங்கள் மைதானத்தில் இறக்கினார்கள். வெளியே வரும்போது மேலுதட்டில் பூனைமுடி இருந்தது, முடி காலரைத் தொட்டது, பூட்ஸ் கடிக்கிறது என்றான். கோடையில் பையன்கள் திடீரென்று வளர்வது சகஜம்தான் என்று பயிற்சியாளர்கள் மறுபடியும் இரவலுக்கு அனுப்பிவிட்டார்கள். கீலிக்கு மட்டும் விஷயம் பிடிபட்டது.

"அம்மா, வெளியூர்ல விட்ட நாளெல்லாம் எங்கயும் போகல. நம்ம சட்டையைப் போட்டுட்டு நம்ம மைதானத்துல ஆடினா திரும்பி வருது."

"எல்லாமுமா?"

"எல்லாமுந்தான்."

"அப்புறம் எங்க போய் நிக்கும்?"

 நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று முதல் டோனாவுக்குச் சனிக்கிழமை என்றாலே நடுக்கம். மகனை எங்கள் அணியில் எடுக்க வேண்டும் என்று ஐந்து வருடமாக ஏங்கியவள், இப்போது வானொலியில் ஆட்டக்காரர்கள் பெயர் வாசிக்கும்போது எடுத்துவிடாதீர்கள் என்று ஏப்ரன் நுனியைக் கசக்கினாள். பெயர் இல்லை என்றால் அதற்கும் அழுதாள். ரீஸிடம் கீலி எல்லாவற்றையும் சொன்னாள். 

"நின்னா நிக்கட்டும், நிக்கலைன்னா போகட்டும். நான் போற எல்லா ஊர்லயும் எனக்குப் பதினெட்டு வயசு. எனக்கே என்னைப் பார்த்தா சலிப்பா இருக்கு கீலி."

கேக்கில் இரண்டு எண்கள் வைத்த அந்தப் பிறந்தநாள் கழிந்த ஜனவரியில், எங்கள் அணி புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்தது. நடுக்களத்தில் மூன்று பேருக்கு அடி. இரவல் கொடுத்தவனை ஜனவரியில் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. டெரிக் போன் செய்தார். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம், எதிரே எங்களைப் போலவே முழுகிக்கொண்டிருந்த வெஸ்டன்ஹோ. காலையில் டோனா மகனுக்கு முட்டையும் ரொட்டியும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வயித்து வலின்னு சொல்லிடேன் கண்ணு."

"அம்மா."

"சும்மா சொன்னேன். சாப்பிடு."

அவன் பையில் கீலியின் வீட்டுக்காரனுடைய கால்சட்டை ஒன்றை மடித்து வைத்தாள். அவன் பார்த்தான், வெளியே எடுத்துப் போடவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கால்மணி ஆவதற்குள் அவனுக்கு மீசை வந்துவிட்டது. அரைமணியில் தாடி. சட்டைக் கை முழங்கையை நோக்கி ஏறியது. இடைவேளையில் சட்டைகளைக் கவனிக்கும் ஆள் இரண்டு அளவு பெரிய பூட்ஸையும், மத்தியப் பின்கள ஆட்டக்காரனின் கால்சட்டையையும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாம் பாதிக்கு அவன் வெளியே வந்தபோது வெஸ்டன்ஹோவின் கேப்டன் நடுவரிடம் ஓடினான். "பாதியில ஆளையே மாத்திட்டானுங்க சார், இது வேற ஆளு!" நடுவர் ரீஸின் முகத்தைப் பார்த்தார், முதுகு எண்ணைப் பார்த்தார், உதவி நடுவரோடு பேசினார். ஆட்டத்தின் நடுவில் ஒருவன் வளரக்கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. ஆட்டத்தைத் தொடரச் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் பையன் ஆடியதைப் பார்க்க வேண்டுமே. போன வருடம் வரை அவனை ஊதித் தள்ளியிருக்கக்கூடிய ஒரு மலை போன்ற ஆள் மோத வந்தான். ரீஸ் தோளைக் கொடுத்தான், மலை உட்கார்ந்தது. தலையைத் தூக்கிப் பார்க்காமலே பந்தை இடது பக்கம் செலுத்தினான், கோல். நாங்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தோம். டோனா விழவில்லை. அவள் மகனின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபது, இருபத்தொன்று என்று கீலி அவள் காதில் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஒன்றுக்குப் பூஜ்யம். எங்கள் கோல்கீப்பர் ஸ்டீன், டென்மார்க்கிலிருந்து வந்த நெடுமரம், முன்னணியில் இருக்கும் அணியின் கோல்கீப்பர் செய்கிற வேலையைத் தொடங்கினான். பந்தை வலது மூலையில் வைத்தான், யோசித்தான், எடுத்து இடது மூலையில் வைத்தான். காலுறையை இழுத்துவிட்டான். கையுறையைக் கழற்றி மாட்டினான். நேரத்தை அவன் இழுக்க இழுக்க நாங்கள் கைதட்டினோம். வெற்றிக்காகத்தான் செய்தான், யார்தான் செய்ய மாட்டார்கள்.

தொண்ணூறாவது நிமிடம். கீலி அம்மாவின் கையைப் பிடித்தாள். "இப்ப சரியா என் வயசும்மா. இத்தோட சரி." அந்த நேரம் பார்த்து ஓரத்தில் நின்ற அதிகாரி பலகையைத் தூக்கினார். ஸ்டீன் இழுத்த நேரத்துக்கெல்லாம் சேர்த்து ஏழு நிமிடம் கூடுதல்.

டோனா எழுந்தாள். ரீஸ் அங்கே ஓடிக்கொண்டிருந்தான், கண்ணோரத்தில் கோடு விழுவது எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது. "ஊதுய்யா! விசிலை ஊதுய்யா!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்தவர்களும் கத்தினார்கள். பிறகு மைதானமே கத்தியது, கோல் விழுந்துவிடக் கூடாதே என்று. அவளுக்குக் கோலாவது மண்ணாவது. இருக்கைகளைத் தாண்டி, விளம்பரப் பலகை வரை இறங்கிவிட்டாள். மஞ்சள் சட்டைக் காவலர் ஒருவர் தடுத்தார், அவரையும் திட்டினாள். மகனின் காதோரத்தில் ஒரு முடி வெளுத்தது. இன்னொன்று. அவள் குரல் அதற்கு மேல் வரவில்லை, வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள்.  நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார், ஒரு வழியாக ஊதினார்.

நின்றது.

ஆட்டக்காரர்கள் வெளியே வரும் கதவருகே டோனாவும் கீலியும் காத்திருந்தார்கள். கடன் வாங்கிய கால்சட்டையில் ஒரு முழு ஆண்பிள்ளை வந்து அம்மாவை அணைக்கக் குனிந்தான். அதுவரை அவளிடம் அவன் குனிய வேண்டியிருந்ததில்லை.

"வலிச்சுதா?"

"முட்டி மட்டும் கொஞ்சம்."

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சும்மா."

கீலி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "டேய், என்னைவிட அஞ்சாறு மாசம் கூடவே ஆயிட்ட போலிருக்கே."

"நான்தானே உனக்கு அண்ணன்?" என்றான். குரல் உடைந்து கனத்திருந்தது.

ஸ்டீன் ஈரத்தலையோடு வந்து டோனாவின் முன் நின்றான். அவ்வளவு பெரிய மனிதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்த ஏழு நிமிஷம் என்னாலதாங்க" என்றான். "நீ என்னப்பா பண்ணுவ, ஜெயிக்கத்தானே பார்த்த" என்றாள் டோனா. அவள் விரல்கள் மட்டும் மகனின் காதோரத்து வெள்ளை முடிகளை விட்டு நகரவில்லை.

அடுத்த மூன்று ஆட்டங்களை டோனா விரலிடுக்கு வழியாகத்தான் பார்த்தாள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ரீஸுக்கு ஆட்டம் நடந்த நேரம் மட்டுமே வயது கூடியது, எல்லோருக்கும் போல. அதன் பிறகு அவனை யாரும் இரவலுக்கு அனுப்பவில்லை. இத்தனை வருடமாக எங்கள் நடுக்களத்தில் அவன்தான் ஆடுகிறான். எங்கள் ஊரில் இப்போதெல்லாம் இரவலுக்குப் போகும் பையனின் பெட்டியில் அம்மாக்கள் பெரிய அளவுக் கால்சட்டை ஒன்றையும் வைத்து அனுப்புகிறார்கள். ஸ்டீன் மட்டும் அன்றிலிருந்து நேரத்தை இழுப்பதில்லை. ஒரு கோல் முன்னணியில், கடைசி நிமிடத்தில், மேனேஜர் ஓரத்தில் நின்று மெதுவா, மெதுவா என்று கத்தினாலும், பந்து கைக்கு வந்த உடனே உதைத்துவிடுவான். அந்த அவசரத்தில் ஜெயித்திருக்க வேண்டிய இரண்டு ஆட்டங்கள் கைவிட்டுப் போய், ஒரு வருடம் கீழ்ப் பிரிவுக்கே இறங்கினோம். ஹார்ஸ்டனில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொன்னதில்லை.