நோன்பு மாதத்துச் சுவர்

மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் அன்று காலை நான்கு பேர். தலைமையாசிரியை சொர்ணம் அம்மாள் மேஜைக்குப் பின்னால். செயலாளர் சங்கரன் அவருக்கு வலப்பக்கம், எழுதி முடித்த கடிதத்தோடு. மேஸ்திரி அப்துல் கய்யூம் முன்வரிசைப் பெஞ்சில். பத்து வருஷமாக அவரோடு வேலை செய்யும் தங்கவேல் வாசற்படியில், சுத்தியலும் ஆணியுமாக.

மாடி எழுப்ப நிர்வாகக் குழுவிடம் அனுமதி கேட்கும் கடிதம் அது. சுவர்கள் தாங்கும் என்று கட்டிய மேஸ்திரி கையெழுத்துப் போட வேண்டும். யுத்தத்தில் சிமெண்டுக்குக் கட்டுப்பாடு வந்த நாற்பத்து மூன்றில், இடித்த வீடுகளின் செங்கலைத் தூளாக்கி, கிடைத்த சிமெண்டோடு கலந்து கட்டிய கட்டடம். மூன்று மழைக்காலம் பார்த்துவிட்டது.

"மூணு சுவத்துலயும் ஆணி அடிச்சுப் பாத்தாச்சு. ஒண்ணும் எறங்கலே. போடுங்கோ மேஸ்திரி, கொழந்தைகள்ளாம் வந்துடுவா" என்றார் சங்கரன்.

"கல்லு மாதிரி கீது பாய். ஆணிதான் வளைஞ்சு பூட்ச்சு" என்றான் தங்கவேல்.

கய்யூம் பேனாவை வாங்கினார். கண் மட்டும் வடக்குச் சுவரை விடவில்லை. அதை மறைத்துக்கொண்டு இரண்டு புத்தக அலமாரிகள். அந்தச் சுவர் எழும்பியது ரம்ஜான் மாதத்தில். செங்கல், திருவான்மியூர்க் கடலோரத்தில் இடித்த பங்களாவினுடையது. எந்தத் தூள் வந்தாலும் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். கரித்தால், உப்புக் கரைந்து போக ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே கொட்டி நனையவிடுவார். நோன்பு வைத்த வாயால் பகலில் எப்படிப் பார்ப்பது? பொழுது சாய்ந்ததும் பார்க்கலாம் என்றிருந்தார். அதற்குள் கலவை சுவரேறிவிட்டது.

போடாவிட்டால் இந்த ஊரில் இனி யார் வேலை கொடுப்பார்கள்? போட்டால், இந்த அறையில் அறுபது சிறுமிகள்.

"அலமாரியை நகத்து, தங்கவேலு."

"இன்னாத்துக்கு பாய் வம்பு? ஐயரே போதும்ன்றாரு."

"நகத்துடா."

சுவரில் இடுப்புயரத்துக்கு வெள்ளை பூத்திருந்தது. செங்கல் இடுக்கில் தங்கவேல் ஆணியை வைத்தான். சுத்தியல் தேவைப்படவில்லை, கட்டைவிரலால் அழுத்தியதிலேயே பாதி உள்ளே போயிற்று. தூள் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

சொர்ணம் அம்மாள் எழுந்துவிட்டார். "ஐயோ, இதை ஒட்டித்தானே பிள்ளைங்க உக்காருது!"

சங்கரன் குரலைத் தாழ்த்தினார். "மேலே ஒரு பூச்சுப் பூசிட்டா?"

"பூச்சு இல்லீங்க சாமி, உள்ளே கலவையே போச்சு. உப்பு. நாக்குல வெச்சுப் பாக்காம விட்டது நான்தான்."

"இன்னா பாய், உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிறே!"

"என் தலையில மண்ணுதானேடா? அதுங்க தலையில சுவரே விழும்."

சொர்ணம் அம்மாள் கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தார். சங்கரன் வேறு தாள் எடுத்தார். வடக்குச் சுவரை இடித்துக் கட்டும்வரை மாடி வேலை வேண்டாம் என்று எழுதி நிறுத்தினார்.

"ஏன்னு எழுதலையே" என்றார் கய்யூம். "கடலோரச் செங்கல், சோதிக்காமப் போட்டது மேஸ்திரின்னு எழுதுங்க."

சங்கரன் அதையும் எழுதியதும் கய்யூம் கையெழுத்துப் போட்டார். வெளியே மணி அடித்தது. சொர்ணம் அம்மாள் வாசலில் போய் நின்று, வந்த பிள்ளைகளை மரத்தடிக்குத் திருப்பினார். சங்கரன் உறையின் மேல் அரக்கை உருக்கி முத்திரை அழுத்தினார். அது ஆறியதும் தங்கவேல் உறையை வாங்கிக்கொண்டு தபாலாபீஸுக்கு நடந்தான்.