கங்காணி வீட்டுப் பிரம்பு

“ஊன்றுகோல்னு எழுதிக்கம்மா. தாராளமா எடுத்துட்டுப் போ” என்றார் காளியண்ணன்.

சுவரில் அவருடைய அப்பாவின் படம். தேயிலைத் தோட்டத்தின் பழைய கங்காணி. படத்துக்கு மேலே இரண்டு ஆணிகளில் அந்தப் பிரம்பு கிடந்தது. நல்ல தடிமன், நுனியில் பித்தளைப் பூண். பூசைக்கு மட்டும் இறக்கிச் சந்தனம் வைப்பார்கள்.

பூவிழி வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள். வாங்கிய நாளிலிருந்து தேயிலைக் கடையில் சுற்றுப்பயணிகளுக்குக் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போதுதான் கோலாலம்பூரில் ஒரு மியூசியத்திலிருந்து வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை நேர்முகம். ஆளுக்கொரு பழம்பொருள் கொண்டுவந்து, அது இன்னதென்று எழுதிவைத்து, அதன் கதையைச் சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போனால் உட்காரக்கூடச் சொல்லமாட்டார்களாம்.

“ஊன்றுகோல் இல்லையே மாமா.”

“பின்ன?”

“ஆள அடிக்கிற பிரம்பு.”

“எவன் சொன்னான்?”

“எங்க தாத்தா சிங்காரத்துக்குக் கண்ணு எப்படிப் போச்சுன்னு லயத்து வீடுகள்ல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. பாட்டிக்குப் பிரசவ வலி, வீட்டுக்குப் போகணும்னு கேட்டாரு. மலைச்சரிவுல மண்டி போட வெச்சு ஒங்க அப்பா அடிச்சாரு. பூணு கண்ணுல எறங்கிடுச்சு. தோட்டத்து ஆஸ்பத்திரியில ‘சரிவுல விழுந்துட்டேன்’னு அவரையே சொல்ல வெச்சாங்க.”

“ஒங்க தாத்தா குடிகாரன்லா. விழுந்தவன் விழுந்தேன்னுதானே சொல்லுவான்?”

“சரி மாமா. ஒங்க அப்பா நொண்டியா? அவருக்கு எதுக்கு ஊன்றுகோல்?”

அடுப்படி வாசலில் நின்ற ருக்குமணி, காளியண்ணனின் மனைவி, சிரித்துவிட்டாள். அடக்கித்தான் பார்த்தாள். முடியவில்லை.

காளியண்ணன் பிரம்பைப் பிடுங்கிய வேகத்தில் படம் விழுந்து கண்ணாடி சிதறியது.

“இதுவா அடிக்கிற பிரம்பு?”

முதல் அடி தோளில்.

“இதுவா?”

தலையைக் காக்கப் பூவிழி இடக்கையைத் தூக்கினாள். காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சி முறிவதுபோல ஒரு சத்தம். கை முழங்கைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பித் தொங்கியது. அவள் கண்ணாடிச் சில்லுகளின்மேல் விழுந்தாள்.

“சொல்லுடி, இதுவா? இதுவா?”

முதுகில், இடுப்பில், காதோரத்தில். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. ருக்குமணி ஓடிவந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வரும்வரை விடவில்லை. பிரம்பு உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

தானா ராத்தா நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பூவிழியின் அம்மா திலகம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து ரப்பர் பூட்ஸோடு ஓடிவந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே ருக்குமணி வந்தாள். கையில் பழைய சேலையில் சுற்றிய பிரம்பு.

“வெளிய நிக்கிற காடிக்குள்ள ஒக்காந்து அழுவுறாரு திலகம். அவருதான் குடுத்தனுப்புனாரு.”

“எதுக்கு? மிச்சத்தையும் அடிக்கவா?”

“இல்லடி. பூவிழி, இந்தாம்மா, ஒனக்கே ஒனக்கு. அடிக்கிற பிரம்புன்னே எழுதிக்க. கங்காணி பேரையும் போட்டுக்க. டாக்டர்கிட்ட மட்டும் விழுந்துட்டேன்னு சொல்லிடு.”

“சொல்லலன்னா, அத்தை?”

“போலீஸ் வரும். கேசு முடியிற வரைக்கும் பிரம்பு அவங்ககிட்டதான் கெடக்கும். அவரும் உள்ள போவாரு, ஒன் வேலையும் போயிடும்.”

திலகம் மகளின் காதருகே குனிந்தாள். “அக்கா சொல்றது சரிதான்டி. ஒரே ஒரு வார்த்தை. வேலை கெடச்சா இந்த மலைய விட்டே போயிடுவ. அந்த ஆள நான் பாத்துக்கறேன். செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி எங்கிட்டயும் இருக்கு.”

பூவிழி நல்ல கையால் பிரம்பை வாங்கினாள். சேலையை விலக்கிப் பார்த்தாள். துடைத்திருந்தார்கள். ஆனாலும் பூணின் இடுக்கில் அவள் முடி ஒன்று சிக்கியிருந்தது.

திரையை விலக்கி டாக்டர் வந்தாள். சின்ன வயது மலாய்ப் பெண். உடைந்த கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்து, மலாயில் கேட்டாள்.

“எப்படி ஆச்சு? விழுந்துட்டியா?”

திலகம் மகளையே பார்த்தாள். ருக்குமணி தரையைப் பார்த்தாள்.

“விழல டாக்டர்” என்றாள் பூவிழி. “அடிச்சாங்க. இதாலதான்.”

பிரம்பைக் கட்டிலில், தன் காலருகே வைத்தாள். ருக்குமணியின் கை அதை எடுக்க நீண்டது. பாதியில் நின்று, பிறகு மடிக்கே திரும்பிப் போனது.

“அப்ப நான் போலீஸைக் கூப்பிடணும்” என்றாள் டாக்டர்.

“கூப்பிடுங்க.”

“பாவி மகளே!” திலகம் தலையில் அடித்துக்கொண்டாள். “திங்கக்கெழமை என்னத்தடி கொண்டு போவ?”

“சும்மாதான் போவேன்மா. ஒக்கார விடலன்னா நின்னுக்கிட்டே சொல்றேன்.”

“பல்லைக் கடிச்சுக்க” என்று சொல்லிவிட்டு, கட்டுப் போடுவதற்காக டாக்டர் கையை நேராக இழுத்தாள்.

பூவிழி போட்ட அலறல் வாசலைத் தாண்டியது. வெளியே காளியண்ணன் காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.