வாத்து வராத ஆய்வாளர்

ஓடையூரில் ஒருவருக்கு இன்னொருவர் உதவி செய்தால், உதவி பெற்றவரின் பின்னால் ஒரு வாத்து வரும். உதவியவரிடம் ஏற்கெனவே வாத்து இருந்தால் அதுவே இடம் மாறும். இல்லாவிட்டால் பக்கத்துச் சாக்கடையிலிருந்தோ வங்கியின் பின்புறத்திலிருந்தோ புதிதாக ஒன்று கிளம்பி வரும். மூன்றடி தள்ளி நடக்கும். வாசலில் படுக்கும். அவர் வேறு யாருக்காவது ஒரு நல்லது செய்ததும் எழுந்து அந்த ஆளோடு போய்விடும்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேருந்தில் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தால் போதும். குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் குரல் கொடுத்தால் போதும். சைடு ஸ்டாண்டு எடுக்காமல் கிளம்பும் வண்டிக்காரர்களுக்கு அந்த ஊரில் ஏகப்பட்ட கிராக்கி. அப்படி ஒருவர் கடைவீதிக்குள் நுழைந்தால் இருபது பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பாவம், அவர் இருபது வாத்துகளோடு வீடு போய்ச் சேருவார்.

ஒன்றிரண்டு வாத்து மரியாதை. அதற்கு மேல் போனால் ஊர் வாயை மூடிக்கொண்டு சிரிக்கும். வார்டு உறுப்பினர் சாலையைக் கடந்தால் முப்பத்துநான்கு வாத்தும் கடந்து முடியும்வரை பேருந்து நிற்கும். நன்றாக வாங்கத் தெரிந்த மனிதர் என்று பின்னால் பேசிக்கொள்வார்கள். கோயிலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வாத்து விடும் இடமும் இருந்தது.

கனகசபாபதிக்கு ஒரு வாத்துகூட இல்லை. தெற்கே செங்காட்டூரிலிருந்து எடையளவு ஆய்வாளராக மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கடை கடையாகப் போய்த் தராசுகளையும் படிக்கற்களையும் சோதிப்பது அவர் வேலை. அந்த வேலைக்கு வந்த நாள் முதல் அவர் நாக்கில் ஒரு வாக்கியம் குடியேறிவிட்டது. "வேண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்." பருப்பு மூட்டையோடு வந்தவர்களிடம் அதைச் சொன்னார். சரிதான். ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் நீட்டியவர்களிடமும் அதையே சொன்னார். மழையில் குடைக்குள் வரச்சொன்னவரிடமும் சொன்னார். வேண்டாம் என்ற சொல்லைக் கேட்டதும், பாதி வழி வந்த வாத்து அப்படியே திரும்பிப் போய்விடும். அது அந்த ஊர் வாத்துகளின் வழக்கம்.

வாத்து இல்லாதவருக்கு ஓடையூரில் யாரும் வீடு தரமாட்டார்கள். கனகசபாபதி லாட்ஜில் தங்கிக்கொண்டு பதினேழு வீடு பார்த்தார். பதினெட்டாவது தெய்வாத்தாள் டீச்சரின் வீடு. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். மாடி காலியாக இருந்தது, காற்று வந்தது, பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருந்தது. டீச்சர் அவருடைய முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"வாத்து எங்கீங்க?"

"இல்லீங்க."

"மூணு மாசம் ஆச்சுங்கறீங்க. ஒருத்தர்கூட உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுக்கலீங்களா?"

"குடுத்தாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"அப்படிப்பட்ட ஆளை மாடியில வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? தோசை மாவு மிச்சமாச்சுன்னா யாருகிட்டக் குடுப்பேன்?"

கனகசபாபதி யோசித்தார். "நீங்க வீடு குடுத்தா அதுவே ஒரு உதவிதானே? வாத்து தானா வந்துருமே."

"வாடகை வாங்கினா அது வியாபாரம். வாத்துக்கு அதெல்லாம் தெரியும்," என்றார் டீச்சர். "வியாழக்கிழமை மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒரு வாத்து வரட்டும். இல்லீன்னா இன்னொருத்தர் கேட்டிருக்காரு, அவருக்குக் குடுத்துருவேன்."

அன்று மாலை மனைவி உலகம்மை போனில் பேசினாள்.

"வீடு இருந்தாலும் இல்லாட்டியும் வியாழக்கிழமை நாங்க வாறோம். மூணு மணிக்கு பஸ் வந்துரும். பிள்ளை உங்க போட்டோவைக் காட்டி, இந்த மாமா யாருன்னு கேக்கா."

பிள்ளைக்கு நாலு வயது. பெயர் ஆதிரை. கனகசபாபதி போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு, வாத்துக்கு என்ன வழி என்று பார்க்கக் கிளம்பினார்.

திங்கட்கிழமை பேருந்து நிறுத்தத்தில் வேண்டுமென்றே கோப்பைத் தவறவிட்டார். காகிதங்கள் பறந்தன. கல்லூரிப் பெண்கள் இருவர் ஓடி ஓடிப் பொறுக்கினார்கள். சாக்கடையிலிருந்து இரண்டு வாத்துகள் தலையை நீட்டின. "வேண்டாங்க, நான் பாத்துக்கிடுதேன்," என்றது கனகசபாபதியின் வாய். அவர் தன் வாயைத் தானே பொத்துவதற்குள் வாத்துகள் உள்ளே போய்விட்டன.

செவ்வாய்க்கிழமை வாயில் ஒரு முழு எலுமிச்சை மிட்டாயை அடக்கிக்கொண்டு, கால் ஊனம்போல் நொண்டியபடி சாலையோரம் நின்றார். பால்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, தோளைப் பிடித்து அக்கரை சேர்த்துவிட்டார். கனகசபாபதி வாய் திறக்கவில்லை. வாத்து வந்தது. கனகசபாபதியின் இடது காலைப் பார்த்தது, வலது காலைப் பார்த்தது, எந்தக் கால் என்று அவருக்கே மறந்துபோன சமயத்தில் கெண்டைக்காலில் ஒரு கடி கடித்துவிட்டுப் பால்காரரோடு போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே நொண்டினார். ஆனால் அப்போது தெருவில் யாரும் இல்லை.

புதன்கிழமை சந்தைக்குப் போய் ஒரு வாத்தை விலைக்கு வாங்கினார். கயிறு கட்டி டீச்சர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். டீச்சர் வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்று அதைப் பார்த்தார்.

"இது உங்களுக்கு முன்னால நடக்குது," என்றார்.

"கொஞ்சம் அவசரக்கார வாத்துங்க."

"இது குழம்பு வாத்து. கொண்டுபோய் ஏரியில விடுங்க."

ஏரியில் விட்டார். அது நன்றி கெட்டத்தனமாக நீந்திப் போயிற்று.

வியாழக்கிழமை காலை அவர் எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டார். அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பெண்டாட்டியையும் பிள்ளையையும் எந்த லாட்ஜில் தங்கவைப்பது என்ற கவலையோடு பதினொன்றரை மணிக்குக் கடைவீதியில் நடந்துகொண்டிருந்தார். நேற்றிரவு தூங்காத கண்கள். வழியில் எதிர்ப்பட்ட எல்லாரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள். உதவ வந்து, வேண்டாம் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள் அல்லவா? அவர்களுக்கு இனி முயலும் எண்ணமில்லை.

மாரியம்மன் கோயில் முனையில் நாச்சிமுத்துவின் கொய்யாப்பழ வண்டி நின்றது. போன வாரம்தான் அந்த வண்டியிலிருந்த தராசுத் தட்டுக்கு அடியில் ஒரு காந்தத்தைக் கண்டுபிடித்து, தராசைப் பறிமுதல் செய்திருந்தார் கனகசபாபதி. இப்போது நாச்சிமுத்து இரவல் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார். அதைக் கொடுத்தது பக்கத்துப் பூக்கடைக்காரர். அன்று வந்த வாத்து, வால் சிறகு ஒன்று குறைந்த ஒரு பழுப்பு வாத்து, வண்டிக்கு அடியில் படுத்திருந்தது.

கனகசபாபதியைப் பார்த்ததும் நாச்சிமுத்துவின் கை நின்றது. அவர் சும்மா இருந்திருக்கலாம். பார்த்து ரசித்திருக்கலாம். அதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவர் பழத்தைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி குரலைத் தணித்துச் சொன்னார்.

"சார், சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. உள்பக்கம் வெளிய இருக்குதுங்க."

கனகசபாபதியின் வாய் வழக்கம்போல் திறந்தது. "வேண்டாங்க" என்று சொல்லப் போனது. ஆனால் வேண்டாம் என்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. சொல்லியாகிவிட்டது, கேட்டாகிவிட்டது. திருப்பிக் கொடுக்க வழியே இல்லாத உதவி அது.

அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். பை உள்ளே போயிருந்தது. தையல் பிசிறுகள் வெளியே தெரிந்தன. வண்டி மறைவில் நின்று கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மூன்று மாதத்தில் யாரும் அவ்வளவு மெதுவாக அவரிடம் பேசியிருக்கவில்லை.

"ரொம்ப நன்றிங்க," என்றார்.

"அட, இதுல என்னங்க," என்று நாச்சிமுத்து கொய்யாவுக்குத் திரும்பினார். பழுப்பு வாத்து எழுந்து உடம்பை உதறிக்கொண்டு கனகசபாபதியின் பின்னால் வந்து நின்றது.

மணி பதினொன்று நாற்பது. டீச்சர் வீடு பதினைந்து நிமிட நடை. போகிற வழியில் யாருக்கும் ஒரு நல்லதும் செய்துவிடக் கூடாது, செய்தால் வாத்து போய்விடும். கனகசபாபதி தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். ஒருவர் மணி கேட்டார். கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டார். ஓர் அம்மாள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் தாண்டிப் போனார். ஒரு குழந்தையின் பலூன் அவர் மூக்குக்கு நேராகப் பறந்தது. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். அந்தக் கால் மணி நேரம் அவரைப்போல் ஈரமில்லாத மனிதர் ஓடையூரிலேயே கிடையாது. வாத்து பின்னால் பெருமையாக நடந்து வந்தது.

டீச்சரின் தெருவுக்குள் திரும்பியபோது மணி பன்னிரண்டாக மூன்று நிமிடம் இருந்தது. டீச்சர் வாசலில் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். வீட்டுச் சாவி முன்கூடையில் இருந்தது. சரியாகப் பன்னிரண்டுக்கு இன்னொருவர் கையில் கொடுக்கத்தான் போகிறார் என்பது தெரிந்தது. கனகசபாபதி கையைத் தூக்கினார். டீச்சர் பார்க்கவில்லை. மொபெட் நகர்ந்தது. தெருமுனையில் அது இடதுபக்கம், லாரி போகும் பெருஞ்சாலையில் திரும்ப வேண்டும்.

சைடு ஸ்டாண்டு கீழே இருந்தது.

கனகசபாபதி தெருவை மேலும் கீழும் பார்த்தார். இருபது பேர் கத்தும் ஊர். அன்று பார்த்து ஒரு காக்கை இல்லை. அவர் வாத்தைப் பார்த்தார். வாத்து அவரைப் பார்த்தது. போட்டோவைக் காட்டி யார் என்று கேட்ட பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது.

"டீச்சர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். "சைடு ஸ்டாண்டு! சைடு ஸ்டாண்டு எடுங்க!"

மொபெட் சாலைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயிற்று. டீச்சர் குதிகாலால் ஸ்டாண்டைத் தட்டி மேலே ஏற்றினார். பழுப்பு வாத்து கனகசபாபதியை விட்டுவிட்டுத் தெரு நீளத்துக்கு ஓடி, மொபெட்டின் பின்னால் போய் நின்றது.

கனகசபாபதி வெறுங்கையோடு நடந்து போனார்.

"இது உங்களுதா?" என்றார் டீச்சர்.

"ஆமாங்க. இப்பத்தான் வந்துச்சு. இருபது நிமிஷம் இருந்துச்சு."

"யாரு குடுத்தது?"

"கொய்யாப்பழம் நாச்சிமுத்து. சட்டையைத் திருப்பிப் போட்டிருந்தேன், சொன்னாரு."

"அவன் தராசைப் புடுங்கினது நீங்கதானே?"

"ஆமாங்க."

டீச்சர் கூடையிலிருந்து சாவியை எடுத்தார்.

"அந்த இன்னொருத்தருக்கு ஒன்பது வாத்துங்க. ஒண்ணுகூட நகரலை, அதையும் யோசிச்சுட்டேதான் கிளம்புனேன். வாத்து வரட்டும்னுதான் உங்ககிட்டச் சொன்னேன். நிக்கட்டும்னு சொல்லலீங்களே." சாவியை அவர் கையில் வைத்தார். "சாயந்திரம் மாவு குடுத்துவிடறேன். வேண்டாம்னு சொன்னீங்கன்னா சாவியைத் திருப்பி வாங்கிக்குவேன்."

"சரிங்க," என்றார் கனகசபாபதி. அந்தச் சொல் அவர் வாய்க்குப் புதிதாக இருந்தது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மூன்று மணிப் பேருந்து மூன்றேகாலுக்கு வந்தது. உலகம்மை முன்வழியாக இறங்கினாள். இரண்டு பெட்டி, ஒரு பை, ஒரு குக்கர். காத்து நின்ற கனகசபாபதியை ஆதிரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "போட்டோ மாமா," என்றாள். "மாமா இல்லட்டி, அப்பா," என்றாள் உலகம்மை. பிள்ளை சரி என்று தலையை ஆட்டிவிட்டு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"பொட்டியை நான் பிடிக்கட்டுங்களா?" என்று பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்.

கனகசபாபதியின் வாய் "வே" என்று ஆரம்பித்து, அங்கேயே நின்று, "சரிங்க" என்று முடித்தது. பெட்டியைக் கொடுத்தார். டிக்கெட் கூண்டுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை வாத்து வந்தது.

"பின்வழியா இறங்கட்டும், யாரும் மறிக்காதீங்க," என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். பேருந்தின் பின்வழியாக, ஒவ்வொரு காலாக ஊன்றி, ஓர் எருமை இறங்கி வந்து உலகம்மைக்குப் பின்னால் நின்றது.

"செங்காட்டூர்ல ஏறும்போது பிள்ளைக்கு ஒருத்தர் ஜன்னல் சீட்டைக் குடுத்தாரு," என்றாள் உலகம்மை. "வழியில திருப்பிச் செய்ய ஆளே அம்பிடல. மாடிப்படி என்ன அகலம் இருக்கும்?"

"இரண்டே முக்கால் அடி," என்றார் கனகசபாபதி. வீடு பார்க்க வந்த அன்றே அளந்து வைத்திருந்தார்.

"அப்ப ஒருக்களிச்சு ஏறிரும்," என்றாள் உலகம்மை, குக்கரை எடுத்து எருமையின் கொம்பில் மாட்டியபடி.